பிகினிக் காயல்: கடலடி உலாவின் முன்கதை

முத்துக் குளித்தோர் வயிற்றுப்பாட்டுக்காகக் கடலடி சென்றனர். மன்னார் வளைகுடாவில் கயிற்றிற் கட்டிய கல்லின்மேல் கால்வைத்து இறங்கி, அடக்கிய ஒரு மூச்சின் அளவையே தம் வேலை நேரமாகக் கொண்டு, சிப்பியை அள்ளி மேலேறியவர்களுக்குக் கடலடி என்பது தொழிற்களம். அங்குக் கண்ட அழகைப் பற்றிப் பேச அவர்களுக்கு மூச்சும் இல்லை, நேரமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. விடுமுறை நாள்களில் தொலைதூர வெப்பமண்டலத் தீவுகளுக்குச் சென்று, முதுகிற் காற்றுருளையைச் சுமந்து, பவழக் காடுகளினூடே உலவிவரும் பழக்கம் உலகெங்கும் பரவியது. மாலைத்தீவில் 1972ஆம் ஆண்டு முதல் விடுதி திறக்கப்பட்டது. பசிபிக் மாகடலில் பலாவு, சூக் முதலிய தீவுகள் மூழ்குவோரின் பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றன. 1996ஆம் ஆண்டில் அப்பட்டியலில் மற்றொரு பெயரும் சேர்ந்தது. அது பிகினி.

மற்றத் தீவுகளுக்கும் பிகினிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிற இடங்களில் விருந்தினர் வருவர், ஊரார் வரவேற்பர். பிகினியில் விருந்தினர் வந்தனர்; வரவேற்க ஊர் இல்லை. ஊரார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அங்கிருந்து பெயர்க்கப்பட்டிருந்தனர். இவ்வேறுபாட்டின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

தென்னையும் தாழையும்

பிகினி, மார்ஷல் தீவுக்கூட்டத்தின் வடபகுதியில், தலைநகராகிய மஜூரோவிலிருந்து ஏறத்தாழ 850 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பவழ வளையத்தீவு. இருபதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகள் ஒரு மாலைபோலக் கோத்து நிற்க, நடுவே சுமார் 600 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள காயல் விரிந்து கிடக்கிறது. நிலப்பரப்பு முழுவதையும் சேர்த்தாலும் பத்துச் சதுரக் கிலோமீட்டரை எட்டாது. ஆகவே அவ்வூர் மக்களுக்கு நிலம் குடியிருக்கும் திண்ணை மட்டுமே. காயலே வயலும் வாழ்வும்.

இத்தகைய வளையத்தீவுகள் எவ்வாறு தோன்றின என்பதை விளக்கியவர் சார்லஸ் டார்வின். எரிமலையைச் சுற்றிப் பவழம் வளர்கிறது. எரிமலை மெல்ல மெல்லத் தாழ்ந்து மறைகிறது. பவழமோ ஒளியை நாடி மேலே மேலே வளர்ந்து வளையமாக நிலைக்கிறது. 1842ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இக்கருத்து நூறாண்டுக்கு மேல் கருத்தாகவே இருந்தது. 1952ஆம் ஆண்டில் பிகினிக்கு அண்மையிலுள்ள எனிவெடோக் தீவில் துளையிட்டபோது, சுமார் 1,400 மீட்டர் சுண்ணப் பாறைக்குக் கீழே எரிமலைப் பாறை அகப்பட்டது. டார்வினின் கூற்று மெய்யாயிற்று. அத்தீவில் அணுகுண்டுச் சோதனை நடத்த வந்தோரின் ஆய்வுகளினூடேதான் அவ்வுண்மை உறுதிப்பட்டது என்பதும் இங்கு நினையத்தக்கது.

பிகினி என்னும் பெயர் ‘பிகின்னி’ என்ற மார்ஷல் மொழிச் சொல்லின் திரிபு. தென்னை நிற்கும் பரப்பு என்பது அதன் பொருள். பெயருக்கேற்பத் தென்னையே அம்மக்களுக்கு உணவு, நீர், கயிறு, கூரை, வாணிகம் அனைத்தும். செருமானியர் ஆட்சிக் காலத்தில் கொப்பரை வாணிகம் வளர்ந்தது. 1914இல் சப்பானியரும் 1944இல் அமெரிக்கரும் அத்தீவுகளைக் கைப்பற்றினர். ஆள்வோர் மாறியபோதும் தென்னை மாறவில்லை. தென்னைக்கு அடுத்த இடம் தாழைக்கு. அதன் பழம் உணவு. அதன் ஓலை பாயும் படகின் பாயும். நெய்தல் நிலத்துப் பூவாகத் தமிழ்ப் புலவர் போற்றிய தாழையின் இனமே அங்கு மக்களின் பசி தீர்த்து நின்றது. தென்னை ஓலை ஈர்க்குகளைக் கட்டி, தீவுகளைக் குறிக்கச் சிறு சோழிகளை வைத்து, அலைகள் தீவுகளில் மோதித் திரும்பும் போக்கைக் காட்டும் கடல்வரைபடங்களை மார்ஷல் மக்கள் செய்தனர். அலையின் அசைவைத் தோணியின் அடிப்பாகத்தில் உணர்ந்தே திசையறிந்த கடலோடிகள் அவர்கள்.

1946

இரண்டாம் உலகப்போர் முடிந்த சில மாதங்களில், போர்க்கப்பல்களின்மீது அணுகுண்டு என்ன செய்யும் என்று அறிய அமெரிக்கக் கடற்படை விரும்பியது. மக்கள் நெருக்கமில்லாத, கப்பற்பாதைகளுக்கு விலகிய, நங்கூரமிடத்தக்க ஆழமுள்ள ஓரிடம் தேவைப்பட்டது. தேர்வு பிகினியின்மேல் விழுந்தது. அங்கு வாழ்ந்தோர் 167 பேர்.

1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்து வந்த மக்களைக் கூட்டி, இராணுவ ஆளுநராகிய பென் வயட் பேசினார். மனித குலத்தின் நன்மைக்காகவும் உலகப் போர்களுக்கெல்லாம் முடிவுகட்டவும் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தர இயலுமா என்று கேட்டார். விவிலியத்தில் வரும் இசுரவேல் மக்களோடு அவர்களை ஒப்பிட்டும் பேசினார். மக்கள் தமக்குள் கலந்தாய்ந்தனர். பின்பு, எல்லாம் இறைவன் கையில் உள்ளன என்ற நம்பிக்கையோடு செல்வோம் என்று அவர்தம் தலைவர் ஜூடா கூறினார். அவ்விடையைப் படக்கருவிகளுக்காக அவர்கள் பலமுறை திரும்ப நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒருமுறை சொல்வதற்கே நெஞ்சுரம் வேண்டிய சொல்லை, ஒளி சரியில்லை, ஒலி சரியில்லை என்று மீண்டும் மீண்டும் சொல்லச் செய்த அந்நிகழ்ச்சி, பின்னர் அவர்களுக்கு நேர்ந்தவற்றுக்கெல்லாம் முன்னறிவிப்பாக அமைந்தது எனலாம்.

மார்ச் 7ஆம் நாள், கோவிலையும் ஊர்ப்பொது மன்றத்தையும் பிரித்தெடுத்துக் கப்பலேற்றிக்கொண்டு, முன்னோர் புதைகுழிகளில் இறுதி வழிபாடு செய்து, அவர்கள் ரோங்கெரிக் தீவுக்குப் புறப்பட்டனர். தற்காலிகம் என்ற சொல்லை அவர்கள் நம்பினர்.

காயலில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இலக்குக் கலங்கள் நிறுத்தப்பட்டன. அவற்றுள் அமெரிக்காவின் சரடோகா என்னும் விமானந்தாங்கிக் கப்பலும், ஆர்க்கன்சாஸ் என்னும் போர்க்கப்பலும், சப்பானின் நகாட்டோவும் இருந்தன. 1941ஆம் ஆண்டு முத்துத் துறைமுகத் தாக்குதலுக்கான ஆணை, தளபதி யமமோட்டோவின் தலைமைக் கப்பலாகிய இந்த நகாட்டோவிலிருந்துதான் பிறந்தது. கலங்களிற் சிலவற்றில் ஆடுகளும் பன்றிகளும் எலிகளும் கட்டப்பட்டிருந்தன. சூலை 1ஆம் நாள் முதற்குண்டு வானில் வெடித்தது. நான்கு நாள் கழித்துப் பாரிசில் லூயி ரேயார் என்பவர் தாம் வடிவமைத்த சிறு நீச்சலுடைக்குப் பிகினி என்று பெயரிட்டார். தீவின் பெயர் உலகெங்கும் பரவியது; தீவினரின் கதை பரவவில்லை.

சூலை 25ஆம் நாள் இரண்டாம் குண்டு நீர்மட்டத்திற்குக் கீழே 27 மீட்டர் ஆழத்தில் வெடித்தது. காயலின் நீர் மாபெரும் தூணாக எழுந்து வீழ்ந்தது. ஆர்க்கன்சாஸ் உடனே மூழ்கிற்று. சரடோகா ஏழரை மணி நேரம் தாங்கிப் பின் மூழ்கிற்று. நகாட்டோ நான்கு நாள் மிதந்து, ஓரிரவில் யாரும் காணாத பொழுதில் கவிழ்ந்தது. மிதந்து நின்ற கலங்களிலோ கதிரியக்க நீர் ஊறிப்போயிருந்தது. சோப்பு நீரும் துடைப்பமும் கொண்டு மாலுமிகள் தேய்த்தும் கழுவியும் பயனில்லை. மூன்றாவதாகத் திட்டமிட்டிருந்த சோதனை கைவிடப்பட்டது. இரு சோதனைகளிலும் மூழ்கிய ஒரு டசனுக்கு மேற்பட்ட கலங்கள் காயலின் மணலில் அடங்கின. ஐம்பதாண்டு கழித்து மூழ்குவோரை ஈர்த்த ‘காட்சிகள்’ இவைதாம்.

ஊரிழந்தோர்

ரோங்கெரிக்கில் நிலம் குறைவு, நன்னீர் குறைவு. மீன்களிற் சில நச்சுத்தன்மை உடையன. 1948ஆம் ஆண்டு தொடக்கத்தில் அங்குச் சென்ற லியோனார்டு மேசன் என்னும் மானிடவியலறிஞர், மக்கள் பட்டினியால் வாடுவதைக் கண்டு கலங்கினார். மார்ச் மாதம் அவர்கள் குவாஜலின் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, விமான ஓடுபாதையின் அருகே கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டனர். நவம்பரில் கிலி என்னும் தீவுக்கு அனுப்பப்பட்டனர்.

கிலி ஒரு சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த தனித்தீவு. அதற்குக் காயல் இல்லை. அலை நேரே கரையில் மோதும். ஆண்டின் பல மாதங்களில் படகு கரையணைய இயலாது. காயலில் தோணி ஓட்டிப் பழகிய மக்களுக்குத் தோணியே பயனற்றதாயிற்று. தோணி கட்டும் கலையும் பாய் செலுத்தும் திறனும் இளையோருக்குக் கைமாறாமல் தேய்ந்தன. நாட்டை இழந்தது ஒருமுறை. கடலை இழந்தது நாள்தோறும். லோரே கெசிபுக்கி என்பவர் பிரிவின் துயரை 1946இலேயே பாட்டாக இயற்றினார். அப்பாட்டே பின்னர் அம்மக்களின் நாட்டுப் பாடலாயிற்று. வெற்றியையும் வீரத்தையும் பாடும் நாட்டுப் பாடல்கள் பல. வீடு திரும்ப இயலாத ஏக்கத்தைப் பாடும் நாட்டுப் பாடல் அரிது. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கலைத் தமிழ்ப் புலவர் தலைவியின் நெஞ்சில் வைத்தனர். அங்கோ ஓர் ஊரே அத்துயரைத் தன் பொதுப்பாடலாகக் கொண்டது.

பிகினியில் சோதனைகள் தொடர்ந்தன. 1946 முதல் 1958 வரை அங்கு வெடித்தவை 23. அவற்றுள் 1954 மார்ச் 1ஆம் நாள் வெடித்த ‘பிராவோ’ என்னும் ஹைட்ரஜன் குண்டு, கணக்கிட்டதைவிட இருமடங்குக்கும் மிகுந்து 15 மெகாடன் ஆற்றலோடு வெடித்தது. இரோசிமாவில் வீழ்ந்ததைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அது. திட்டுகள் ஆவியாகி, இரண்டு கிலோமீட்டர் அளவு அகன்ற பள்ளம் விழுந்தது. பொடியான பவழம் வெண்சாம்பலாகக் கிழக்கே பறந்து ரோங்கெலாப் மக்களின்மேல் பொழிந்தது. சிறுவர் அதில் விளையாடினர். ஈராண்டல்ல, இரண்டு நாளுக்குப் பின்னரே அவர்கள் அகற்றப்பட்டனர் என்றாலும், அவ்விரண்டு நாளே தலைமுறைகளுக்குப் போதுமான தீங்கைச் செய்துவிட்டது. அப்பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்த சப்பானியப் படகின் 23 மீனவரும் கதிரியக்கத்திற்கு ஆட்பட்டனர். அவர்களுள் குபோயாமா என்பவர் அவ்வாண்டு செப்டம்பரில் உயிர்நீத்தார்.

அச்செய்தி இந்தியாவையும் உலுக்கிற்று. 1954 ஏப்ரல் 2ஆம் நாள் சவகர்லால் நேரு நாடாளுமன்றத்தில் பேசி, சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டுமென்றார். தமிழகத்தின் இராசாசி அணுச் சோதனைக்கு எதிராகத் தொடர்ந்து எழுதினார். 1962ஆம் ஆண்டில், முதிர்ந்த அகவையில், வாசிங்டன் சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு சோதனைத் தடையை வலியுறுத்தினார். மறுபடி 2014இல் மார்ஷல் தீவுகள் அணுவாயுத நாடுகளுக்கு எதிராக அனைத்துலக நீதிமன்றத்தை அணுகியபோது, வழக்கில் எதிர்நின்ற நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2016இல் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லையென வழக்கைத் தள்ளிற்று. வரலாறு ஒரு நாட்டை ஒரே பக்கத்தில் எப்போதும் நிறுத்துவதில்லை.

மீட்சியும் மறுபெயர்ச்சியும்

1968ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஜான்சன், பிகினி மக்கள் ஊர் திரும்பலாம் என்று அறிவித்தார். இடிபாடுகள் அகற்றப்பட்டன. வரிசை வரிசையாகத் தென்னங்கன்றுகள் நடப்பட்டன. எழுபதுகளின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் திரும்பின. கன்றுகள் மரங்களாயின, மரங்கள் காய்த்தன, மக்கள் உண்டனர்.

அப்போதுதான் மண்ணின் மறைவான இயல்பு வெளிப்பட்டது. பவழ மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. தென்னைக்கோ பொட்டாசியம் மிகுதியாக வேண்டும். குண்டுகள் விட்டுச்சென்ற சீசியம்-137 வேதியியல் இயல்பால் பொட்டாசியத்தை ஒத்தது. பசித்த வேர் வேறுபாடறியாது அதனை உறிஞ்சி இளநீரிலும் பருப்பிலும் சேர்த்தது. 1970களின் நடுவிலும் பின்னும் செய்த ஆய்வுகளில், தீவினரின் உடலில் சீசியம் விரைந்து ஏறிவருவது தெரிந்தது. 1978 செப்டம்பரில் 139 பேர் மீண்டும் அகற்றப்பட்டனர். முதற்பெயர்ச்சி வேண்டுகோளாக வந்தது. இரண்டாம் பெயர்ச்சி அளவுகருவியின் முள்ளாக வந்தது.

மூச்சும் கருவியும்

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் வேறொரு வரலாறு வளர்ந்துவந்தது. 1943ஆம் ஆண்டில், செருமானியர் பிடியிலிருந்த பிரான்சில், கடற்படை அலுவலர் ழாக் கூஸ்டோவும் பொறியாளர் எமில் கான்யானும் இணைந்து ஒரு மூச்சுக்கருவியை உருவாக்கினர். எரிவாயுவில் ஊர்தியை ஓட்டுதற்கென்று கான்யான் செய்த ஒரு தடுக்கிதழே அதற்கு அடிப்படை. மூழ்குவோர் மூச்சிழுக்கும்போது மட்டும், சூழ்ந்த நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருவது அதன் சிறப்பு. மேலிருந்து வரும் காற்றுக்குழாயும் உலோகத் தலைக்கவசமும் தேவையற்றனவாயின. ‘ஸ்கூபா’ என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று.

கருவி எளிது, உடல் எளிதன்று. பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஐம்பது மீட்டரில் உடல் ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது; காற்றுருளையும் ஆறு மடங்கு விரைவில் காலியாகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. மது அருந்தினாற்போல அறிவை மயக்குகிறது. விரைந்து மேலேறினால், திறந்த சோடாப் புட்டியில் எழுவதுபோலக் குமிழிகள் உடலுக்குள் எழுந்து மூட்டுகளை முடக்கும், உயிரையும் பறிக்கும். ஆகவே படிப்படியாக நின்று நின்று ஏறுதல் வேண்டும். இறங்கியவன் நினைத்தவுடன் திரும்ப இயலாது என்பது ஆழத்தின் விதி.

மூழ்கிய கப்பல்களைக் காணும் ஆர்வமும் இதனோடு வளர்ந்தது. 1944 பிப்ரவரியில் அமெரிக்க விமானங்களால் சூக் காயலில் மூழ்கடிக்கப்பட்ட சப்பானியக் கப்பல்களைக் கூஸ்டோவின் குழு படம்பிடித்தது. எழுபதுகள் முதல் அங்கு மூழ்குவோர் திரண்டனர். பிகினியின் கலங்கள் மட்டும் யாரும் தொடாமற் கிடந்தன. 1989, 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் கடலடித் தொல்லியலாளர், தீவினரின் வேண்டுகோளை ஏற்று அவற்றை அளந்து வரைந்தனர். கலங்களுக்கிடையே மூழ்குவோருக்குக் கதிரியக்கத்தால் குறிப்பிடத்தக்க இடர் இல்லை என்பது தெளிவாயிற்று. காயலின் நீர் மாகடலோடு கலந்து கலந்து தூய்மையாகியிருந்தது. எஞ்சிய கதிர்வீச்சையும் நீரே தடுத்து நின்றது.

காயல் திறந்தது

1996 சூன் மாதம் பிகினிக் காயல் விருந்தினருக்குத் திறக்கப்பட்டது. இம்முயற்சியை நடத்தியோர் அயல்நாட்டு முதலாளிகள் அல்லர். புலம்பெயர்ந்த பிகினி மக்களின் ஊராட்சி மன்றத்தாரே. தம்மை ஊரிலிருந்து விரட்டிய குண்டுகள் விட்டுச்சென்ற இரும்பைக் கொண்டே ஊரை மீட்கப் பொருளீட்டலாம் என்று அவர்கள் கருதினர். விருந்தினர் தங்கிச் செல்வதை உலகம் கண்டால், தீவு செத்த நிலமன்று என்பதும் தெளிவாகும் என்று எண்ணினர். இவ்வெண்ணத்தில் வணிகமும் இருந்தது, மானமும் இருந்தது.

வாரத்திற்குச் சிலரே வந்தனர். சிறு விமானம் எனியூ என்னும் திட்டில் இறங்கும், அங்கிருந்து படகு. உணவு யாவும் வெளியிலிருந்து வந்தது. நாளொன்றுக்கு இருமுறை மூழ்கினர். கீழே, 270 மீட்டர் நீளமுள்ள சரடோகா நேராக நின்றது. அதன் ஓடுதளம் 30 மீட்டர் ஆழத்தில். அடிப்பகுதி 50 மீட்டருக்கும் கீழே. கூடத்தினுள் விமானங்கள் நிறுத்தியது நிறுத்தியவாறு இருந்தன. குண்டுகள் அடுக்கியது அடுக்கியவாறு இருந்தன. நகாட்டோ தலைகீழாய்க் கிடந்தது. நான்கு உந்துசக்கரங்களும் வானை நோக்கி நிற்க, மாபெரும் பீரங்கிகள் மணலை நோக்கித் தாழ்ந்திருந்தன. அவற்றைச் சுற்றிச் சுறாக்களும் மீன் கூட்டங்களும் உலவின. அரை நூற்றாண்டு எவரும் வலைவீசாத காயல் அது. எந்தப் பொருளையும் எடுத்துச் செல்லலாகாது என்பது மன்றத்தாரின் கட்டளை.

மூழ்கி எழுந்தோர் கரையில் தென்னந்தோப்பைக் கண்டனர். மரங்கள் செழித்திருந்தன, குலைகள் முதிர்ந்து தொங்கின. அவற்றைத் தம் உணவாகக் கொள்ள அவற்றின் உரிமையாளர் ஒருவரும் அங்கு வாழவில்லை.

மண்ணும் நீரும்

ஒரு வாரம் வரும் விருந்தினருக்குத் தீங்கில்லாத இடம், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவருக்கு ஆகாத இடமானது எவ்வாறு? விடை காலத்திலும் உணவிலும் உள்ளது. தீவின் காற்றிலும் வெளியிலும் உள்ள கதிர்வீச்சு சில நாள் தங்குவோருக்குப் பொருட்டன்று. உடலுக்குள் புகும் சீசியமும் வெளியேறிவிட்டால் சில மாதங்களில் பாதியாகக் குறையும். ஆனால் அத்தீவின் தேங்காயையும் தாழம்பழத்தையும் நாள்தோறும் உண்டு வாழ்வோரின் உடலில் அது குறைவதற்கு முன்னரே மேலும் சேரும். அனைத்துலக அணு ஆற்றல் முகமை 1998இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே கூறிற்று. உள்ளூர் உணவை நம்பி நிலையாகக் குடியேறுதல் தக்கதன்று. நிலத்திற்குப் பொட்டாசிய உரமிட்டால் வேர்கள் சீசியத்தை உறிஞ்சுவது பெரிதும் குறையும் என்றது அது. மேல்மண்ணை முற்றிலும் வழித்தெடுப்பது மற்றொரு வழி. எனினும், நூற்றாண்டுகளாக இலையும் சருகும் மக்கி உண்டான அம்மெல்லிய மண் போனால் எஞ்சுவது வெறும் பவழப் பொடியே. நஞ்சை நீக்கினால் வளமும் நீங்கும் என்னும் இக்கட்டு அம்மக்களின் முன் நின்றது.

அவர்கள் நீதியையும் நாடினர். மார்ஷல் தீவுகள் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அமைந்த அணுசக்தி இழப்பீட்டுத் தீர்ப்பாயம், 2001ஆம் ஆண்டில் பிகினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருந்தது, தருவதற்குத் தீர்ப்பாயத்திடம் பணம் இல்லை. அமெரிக்க நீதிமன்றங்களை அணுகினர். 2010ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பிகினியை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. மரபு உலகினுடையதாயிற்று; மரபினர் வெளியிலேயே நின்றனர்.

மூழ்குலாவும் நிலைக்கவில்லை. எரிபொருள் விலை ஏறியது. உள்நாட்டு விமானம் குறித்த நாளில் வருவது அரிதாயிற்று. 2008ஆம் ஆண்டில் தீவில் தங்கி மூழ்கும் ஏற்பாடு நிறுத்தப்பட்டது. பின்னர் விருந்தினர் கப்பலிலேயே தங்கி, கப்பலிலேயே உண்டு, காயலில் மூழ்கிச் செல்லும் முறை வந்தது. கரையில் இருந்த ஊர்க்காரரின் கை அம்முறையில் மேலும் சுருங்கியது.

கடல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பிராவோ வெடித்த பள்ளத்தின் சில பகுதிகளில் பவழங்கள் மரம்போல் ஓங்கி வளர்ந்திருப்பதை அறிஞர் பதிவுசெய்தனர். முன்பு அங்கு வாழ்ந்த பவழ வகைகளுள் இருபத்தெட்டேனும் திரும்பவில்லை என்பதையும் அவர்களே பதிவுசெய்தனர். இவ்விரு செய்திகளுள் முன்னதை மட்டும் சொல்லி இயற்கை ஆறிவிட்டது என்று மகிழ்வோர் உளர். பின்னதையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு.

மீண்ட பவழத்தைக் காணச் செல்வோர்மேல் குற்றமில்லை. அவர்களை அழைத்தோரே பிகினி மக்கள்தாம். மூழ்கிய கப்பலின் இருண்ட கூடத்தில் நின்று, போரின் வீண்மையை உணர்ந்து எழுந்தோரும் இருப்பர். ஆயினும் அக்காயலைப் பாடவோ எழுதவோ முனைவோர் மறக்கலாகாத ஒன்று உண்டு. தொலைதூரத் தீவு என்னும் சொல் எங்கிருந்து அளந்த தொலைவு என்பதைப் பொறுத்தது. வாசிங்டனிலிருந்து அளந்தோருக்கு அது தொலைவாக இருந்தது. ஆதலால் குண்டுக்குத் தக்க இடமாயிற்று. நகரத்து விடுமுறையாளருக்கும் அது தொலைவாக இருந்தது. ஆதலால் இன்பத்துக்குத் தக்க இடமாயிற்று. அங்குப் பிறந்தோருக்கு அது தொலைவில் இருந்ததே இல்லை, 1946 மார்ச் 7ஆம் நாள் வரை.

பிகினி மக்களின் கொடியில் வளையத்தீவின் திட்டுக்கு ஒன்றாக 23 விண்மீன்கள் உண்டு. ஜூடா அன்று கூறிய சொல்லும் அவர்தம் மொழியில் அதன்கண் எழுதப்பட்டுள்ளது. எல்லாம் இறைவன் கையில் என்ற அச்சொல்லைக் கேட்டுப் படம்பிடித்தோர், அதை இசைவாகப் பொருள்கொண்டனர். சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அதனைத் திரும்பும் நாள்வரை காத்திருப்பதற்கான சொல்லாகக் கொண்டுள்ளனர்.